அழகு மீனும் அண்மை உறவும்

வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் பலரும் ஒரே குறையைச் சொல்லக் கேட்கிறோம். தொடக்கத்தில் எல்லாம் இனிதாகவே நடைபெறுகின்றது. கடையில் வாங்கிய கப்பி மீன்களுள் ஆண் ஒன்றும் பெண் இரண்டும் தொட்டியில் விடப்படுகின்றன. ஒரு மாதத்துக்குள் குஞ்சுகள் தோன்றுகின்றன. சிறுவர் மகிழ்கின்றனர், அயல் வீட்டாருக்கும் குஞ்சுகள் பங்கிடப்படுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் செல்கின்றன. அப்பொழுது பார்த்தால், தொட்டி நிறைய மீன் உண்டு. ஆனால் பழைய மீனின் பொலிவு இல்லை. வால் சிறுத்துவிட்டது; நிறம் மங்கிவிட்டது. முன்னர் ஒரு தடவையில் நாற்பது குஞ்சு ஈன்ற இனம் இப்பொழுது பத்தே ஈனுகின்றது. அப்பத்தினுள்ளும் ஒன்றிரண்டு முதுகு வளைந்து பிறக்கின்றன. மாரிகாலத்தில் நீர் சிறிது குளிர்ந்தாலும் பல மடிகின்றன.

"தண்ணீரை மாற்றினோம், உணவை மாற்றினோம், மருந்தும் இட்டோம், பயன் ஒன்றும் இல்லை" என்பர். நீரும் உணவும் குற்றமற்றனவாயின் குற்றம் வேறெங்கே உளது? பெரும்பாலும் அஃது அம்மீன்களின் சுற்றத்திலே உளது. அந்தத் தொட்டியில் நீந்துவன யாவும் உடன்பிறந்தாரும், உடன்பிறந்தார்க்குப் பிறந்த மக்களும், அம்மக்களின் மக்களுமே. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் வேறு துணை தேட அவற்றுக்கு வழியேது? இவ்வாறு நெருங்கிய உறவினுள்ளேயே ஓர் இனம் பெருகுவதை உயிரியலார் உள்ளக விருத்தி என்பர். அது செய்யும் தீங்கு யாது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

கப்பி வந்த வழி

எடுத்துக்காட்டாகக் கப்பி மீனையே கொள்வோம். வளர்ப்பு மீன்களுள் இதனை அறியாத சிறுவர் இல்லை. பிறப்புரிமையியலார் மிக ஆழமாக ஆராய்ந்த மீன்களுள்ளும் இஃது ஒன்று. இதன் தாயகம் தென்னமெரிக்காவின் வடகரையும் அதனை அடுத்துள்ள திரினிடாட் முதலிய தீவுகளுமாம். செருமானிய விலங்கியலாராகிய வில்ஹெல்ம் பீற்றர்ஸ் 1859 ஆம் ஆண்டிலே வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். 1866 இல், திரினிடாட்டில் வாழ்ந்த றொபேட் ஜோன் லெச்மியர் கப்பி என்பார் அனுப்பிய மீன்களைப் பிரித்தானிய நூதனசாலையில் ஆராய்ந்த அல்பேட் குந்தர், அதனைப் புதிய இனமெனக் கருதி, அனுப்பியவர் பெயரையே சூட்டினார். அந்த விஞ்ஞானப் பெயர் பின்னர் வழக்கொழிந்தது. கப்பி என்னும் பெயர் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

காட்டாற்றில் வாழும் ஆண் கப்பி ஏறக்குறைய ஓரங்குல நீளமே உடையது. அதன் மேனியிலே செம்மஞ்சள், கருமை, நீலம் ஆகிய புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஓர் ஆணின் கோலம் மற்றோர் ஆணின் கோலத்தை ஒத்திருப்பது அரிது. பெண்ணோ சற்றுப் பெரியது, சாம்பல் நிறமுடையது. முட்டையிடாது குஞ்சையே ஈனும் இம்மீன், பிறந்த மூன்று மாதத்தளவில் தானும் ஈனும் பருவத்தை எய்துகின்றது. எனவே ஓராண்டில் மூன்று நான்கு தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன. மனித குலத்தில் நூறாண்டு செல்லும் பரம்பரை வரலாறு, கப்பித் தொட்டியில் ஓராண்டிலே நிகழ்ந்து முடிகின்றது. நல்லதும் கெட்டதும் அங்கே விரைந்து வெளிப்படுதற்குக் காரணம் இதுவே.

முறிந்த திறப்பு

நெருங்கிய உறவினர் கூடுவதனாலே குறை புதிதாக உண்டாகிறது என்று பலர் எண்ணுவர். அது தவறு. உள்ளக விருத்தி புதிய குறை எதனையும் படைப்பதில்லை. ஏற்கெனவே மறைந்து கிடந்ததை அது வெளியே கொணர்கிறது. இதனை ஒரு சிறு உவமையால் விளக்கலாம்.

உயிரின் உடலை அமைக்கும் கட்டளைகளைப் பரம்பரையலகுகள் என்கிறோம். ஒவ்வொரு கட்டளைக்கும் பொதுவாக இரண்டு பிரதிகள் உள; தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒரே பூட்டுக்கு இரண்டு திறப்புகள் இருப்பதைப் போல எனக் கொள்க. ஒரு திறப்பு முறிந்துபோனாலும் மற்றையது கதவைத் திறக்கும். வீட்டில் உள்ளோர் முறிந்த திறப்பொன்று இருப்பதையே அறியார். இரண்டும் முறிந்திருந்தால் மட்டுமே கதவு திறவாது. அப்பொழுதே குறை புலனாகும். இவ்வாறு மறைந்து நிற்கும் குறையைப் பின்னிடைவானது என்பர்.

மீனாயினும் மனிதராயினும் இத்தகைய முறிந்த திறப்புகள் சிலவற்றைச் சுமவாத உயிர் இல்லை எனலாம். அந்நியர் இருவர் கூடும்போது, ஒருவரிடத்து முறிந்தது மற்றவரிடத்து முழுமையாக இருக்கும். எனவே பிள்ளைக்கு எக்கதவும் அடைபடுவதில்லை. உடன்பிறந்தார் இருவரிடத்தோ, ஒரே தாயிடமிருந்து வந்த ஒரே முறிந்த திறப்பு இருத்தல் கூடும்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். தாய் மீனிடத்தே ஒரு மறைந்த குறை உண்டு என்போம். அது மகனுக்குச் செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகளுக்குச் செல்லும் வாய்ப்பும் அவ்வாறே. இருவருக்கும் சென்றிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சென்றிருப்பின், அவ்விருவருக்கும் பிறக்கும் குஞ்சொன்று முறிந்த பிரதி இரண்டையும் பெறும் வாய்ப்பு மீண்டும் நான்கில் ஒன்று. ஆகவே மொத்தத்தில் பதினாறில் ஒன்று. முதற் சோடியிடம் வெவ்வேறான நான்கு குறைகள் இவ்வாறு மறைந்திருந்தால், பேரக் குஞ்சுகளுள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை ஏதேனும் ஒரு குறையோடு பிறத்தல் கூடும். முதற் சோடியைப் பார்த்த கண்ணுக்கோ அவை இரண்டும் மாசற்ற மீன்களாகவே தோன்றியிருக்கும்.

கினிப்பன்றிகளைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சீவல் றைற், 1922 இல் இதற்கு ஓர் அளவு வகுத்தார். அதனை உள்ளக விருத்திக் குணகம் என்பர். ஓர் உயிரின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பையே அக்குணகம் குறிக்கின்றது. உடன்பிறந்தார்க்குப் பிறந்த குஞ்சுக்கு அது நூற்றுக்கு 25. அக்குஞ்சுகளும் தமக்குள்ளே கூடின் அடுத்த தலைமுறையில் 37.5, அதற்கடுத்ததில் 50, பத்தாந் தலைமுறையில் ஏறக்குறைய 89. கப்பியின் கணக்கில் பத்துத் தலைமுறை என்பது மூன்றாண்டு மட்டுமே. தொடக்கத்தில் சொன்ன தொட்டியின் கதையும் ஏறக்குறைய அதே மூன்றாண்டுக் கதையாயிருத்தல் காண்க.

ஆய்வுகள் கூறுவன

இவையெல்லாம் தாளிலே போட்ட கணக்குகள் அல்லவா என்று சிலர் ஐயுறலாம். ஆய்வுகூடத் தொட்டிகளிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. கப்பி மீன்களை வேண்டுமென்றே உடன்பிறந்தாருக்குள் இனம் பெருக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், ஆண்களின் நிறப்புள்ளிகள் குன்றுவதையும், பெண்ணின்முன் உடலை வளைத்து ஆடும் அவற்றின் ஆட்டம் தளர்வதையும் கண்டனர். கப்பி தன் புள்ளிகளை இழந்த விதம் பற்றி 2003 இல் வெளியான ஆய்வு இவற்றுள் ஒன்று. யப்பானிய ஆய்வாளர்கள் 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உறவு நெருங்க நெருங்க உப்புநீரைத் தாங்கும் ஆற்றல் குறைந்தமை காட்டப்பட்டது. 2016 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நெருங்கிய உறவிற் பிறந்த கப்பிகள் தோலில் ஒட்டி வாழும் புழுவகை ஒட்டுண்ணியின் தாக்கத்துக்கு அதிகம் ஆளாவதை எடுத்துக்காட்டியது.

இங்கே கருதற்பாலது ஒன்று உண்டு. வளைந்த முதுகு எவர் கண்ணுக்கும் புலப்படும். நோயை எதிர்க்கும் ஆற்றல் குறைவதும், குளிரையும் உப்பையும் தாங்கும் வலிமை குன்றுவதும், குஞ்சின் தொகை சிறுகுவதும் எளிதிற் புலப்படா. இன்பமாக நாட்கள் செல்லும்வரை அத்தகைய மீன் நலமுடையதாகவே தோன்றும். ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டு நீரிலே காற்றுக் குறையும். அல்லது புதிய மீனொன்றுடன் நோயொன்று வந்து சேரும். அன்றுதான் தொட்டி முழுவதும் ஒருங்கே சாயும். எல்லா மீனும் ஒரே வார்ப்பாக இருக்கையில் ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும்.

இயற்கை இட்ட வேலி

கானாற்றிலே வாழும் கப்பி இத்தீங்கிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் வியப்புக்குரியன. பெண் கப்பி, தான் பலகாலும் கண்டு பழகிய கோலமுடைய ஆணை விட்டு, அரிதான கோலமுடைய ஆணையே பெரிதும் நாடுகின்றது. திரினிடாட்டின் ஓடைகளிலே நடத்திய ஆய்வொன்று 2013 இல் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் குட்டைகளில் உள்ள ஆண்களின் கோலங்களை மாற்றியமைத்து, எக்கோலம் அருகியதோ அக்கோலமுடைய ஆண்களே மிகுதியான குஞ்சுகளுக்குத் தந்தையராவதைக் கண்டனர். கண்ணுக்குப் புதியது பெரும்பாலும் குருதிக்கும் புதியது அன்றோ? அந்நிய ஆணைத் தேடும் நாட்டமே உறவுக் கலப்பைத் தடுக்கும் வேலியாகின்றது.

அவ்வேலி பயன்படாதபோது உடலினுள்ளேயும் மற்றொரு காவல் உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண் கப்பியின் சூலகத் திரவத்திலே உடன்பிறந்த ஆணின் விந்தணு மெதுவாகவே நீந்துகின்றது. அந்நிய ஆணின் விந்தணு விரைந்து முந்துகின்றது. இங்ஙனம் பல ஆண்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை பெண் மீனுக்கு உள்ளவரையில் இனம் நலமாயிருக்கும். தொட்டியில் நாமோ ஒரே ஓர் ஆணை விட்டு, அவ்வுரிமையை அடியோடு பறித்துவிடுகின்றோம்.

அழகின் விலை

ஒரே ஓர் ஆணை விடுவதற்கும் காரணம் இல்லாமலில்லை. கப்பியின் அழகில் ஒரு பெரும் பகுதி தந்தையிடமிருந்து மகனுக்கு நேராகச் செல்வது. கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தென்மார்க்கு அறிஞர் யொகான்னஸ் சிமித் 1920 இல் இதனை வெளியிட்டார். முதுகுச் செட்டையிலுள்ள கரும்புள்ளியொன்று தந்தையிடமிருந்து மகன்மாருக்கு மட்டுமே செல்வதை அவர் கண்டார். விலாங்கு மீன் பிறக்கும் இடத்தைத் தேடி அத்திலாந்திக் சமுத்திரத்தில் அலைந்த சிமித் இவரே. அவருடைய நாட்டவராகிய ஒயிவின் விங்கே 1922 இல் இதனை மேலும் விரித்து, ஆணுக்கே உரிய நிறமூர்த்தத்தின் வழியே அந்நிறங்கள் செல்வதை நிறுவினார்.

ஆகவே, விரிந்த வாலும் தீப்போன்ற நிறமும் உடைய ஆண் ஒன்று கிடைத்துவிட்டால், வளர்ப்போர் அதனையே பல பெண்களோடு சேர்க்கின்றனர். பின்னர் அதன் மகள்மாரையும் அதனோடே சேர்க்கின்றனர். சந்தையிலே ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற மீன்கள் வேண்டப்படுவதால், இம்முறை அவர்களுக்கு விரைந்த பயன் தருகின்றது. அழகு நிலைபெறுகின்றது, அவ்வழகோடு மறைந்திருந்த குறைகளும் நிலைபெறுகின்றன.

பத்து மீன் இருக்கின்றனவே, அது போதாதா என்று கேட்கலாம். பத்து என்னும் எண் நம்மை ஏமாற்றுவது. உயிரியலார் இதற்கும் ஒரு சூத்திரம் தந்துள்ளனர். ஆண்களின் தொகையைப் பெண்களின் தொகையாற் பெருக்கி, அதனை நான்காற் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். ஆண் ஒன்றும் பெண் ஒன்பதும் உள்ள தொட்டிக்கு விடை 3.6. ஆண் ஐந்தும் பெண் ஐந்தும் உள்ள தொட்டிக்கு விடை 10. இரண்டிலும் மீன் பத்தே. எனினும் பரம்பரைச் செல்வத்தின் கணக்கில் முதலாவது தொட்டியில் நான்கு மீன்கூட இல்லை. அங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் பல்வகைமையில் நூற்றுக்கு 14 பங்கு அழிகின்றது; இரண்டாவதில் 5 பங்கே அழிகின்றது. இவ்வாறே ஐந்து தலைமுறை சென்றால், முதலாவது தொட்டி தன் செல்வத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். இரண்டாவது கால் பங்குக்கும் குறைவாகவே இழந்திருக்கும். கூடுதலாக நான்கு ஆண் மீன் வைப்பதால் விளையும் நன்மை இத்துணைப் பெரிது!

மூன்று எச்சரிக்கைகள்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, கூன் விழுந்த மீனெல்லாம் உறவின் பயனென முடிவு கட்டிவிடலாகாது. மீன்களைப் பற்றும் ஒருவகைக் காசநோயும் முதுகை வளைக்கும். உணவில் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் முள்ளந்தண்டு வளையும். பிறந்த குஞ்சிலேயே வளைவு காணப்பட்டு, அது தலைமுறைதோறும் மிகுமாயின் உறவை ஐயுறலாம். நலமாக வளர்ந்த மீன் முதிர்ந்தபின் மெலிந்து வளையுமாயின் நோயையே முதலில் ஐயுறல் வேண்டும். காசநோய் பற்றிய தொட்டியில், கையிலே புண் உள்ளவர் கைவைத்தல் ஆகாது.

இரண்டாவதாக, நெருங்கிய உறவு எப்பொழுதும் அழிவிலேயே முடியும் என்பதும் இல்லை. மைரன் கோர்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1939 இல் மெக்சிக்கோவின் ஹமாப்பா ஆற்றிலிருந்து பிளற்றி மீன்களைக் கொணர்ந்தார். அவற்றின் வழிவந்த இனமொன்று, உடன்பிறந்தாருக்குள்ளேயே நூறு தலைமுறைக்கு மேல் பெருக்கப்பட்டு இன்றும் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் பேணப்படுகின்றது. 2013 இல் பிளற்றி மீனின் பரம்பரைக் கட்டளை முழுவதும் வாசிக்கப்பட்டது இவ்வினத்தைக் கொண்டே. கொடிய குறையுடையவை தொடக்கத்திலேயே மடிந்தொழிய, எஞ்சியவற்றால் ஓர் இனம் நிலைத்தலும் உண்டு. ஆயின், இவ்வழியிற் புகும் இனங்கள் பலவற்றுள் நிலைப்பன சிலவே. நிலைத்தவையும் ஆய்வுகூடத்தின் ஓயாத கண்காணிப்பிலேயே வாழ்கின்றன. வீட்டுத் தொட்டிக்கு அது முன்மாதிரி ஆகாது.

மூன்றாவது எச்சரிக்கை இதற்கு மறுபுறமானது. புதிய குருதி நல்லதெனக் கேட்டு, வேற்றினத்தையே கொண்டுவந்து கலப்பதும் தவறு. புள்ளியுடைய பிளற்றியை வாள்வால் மீனோடு கலந்து, பிறந்த கலப்புக் குஞ்சை மீண்டும் வாள்வாலோடு சேர்த்தால், வழித்தோன்றல்கள் சிலவற்றில் அக்கரும்புள்ளி பெருகிப் புற்றுநோயாகின்றது. அமெரிக்காவிலே கோர்டனும் செருமனியிலே கொஸ்விக்கும் 1920 களின் இறுதியில் இதனைக் கண்டனர். பிளற்றியின் உடலில் அப்புள்ளியை அடக்கி வைத்த கட்டுப்பாடு கலப்பில் நழுவிவிடுகின்றது. புற்றுநோய் பரம்பரையோடு தொடர்புறும் விதத்தை மனிதர் அறிந்துகொள்ள இந்தத் தொட்டி மீன்கள் பேருதவி செய்தன. எனவே நாம் தேடவேண்டியது அதே இனத்தைச் சேர்ந்த, உறவற்ற மீன்.

மீட்சி உண்டு

நலிந்த இனம் மீண்டெழுமா? எழும் என்பதற்குத் திரினிடாட்டிலேயே சான்று உண்டு. அங்குள்ள கைகுவால், ரெயிலர் என்னும் இரு சிற்றோடைகளில் கப்பிகள் சிறு தொகையினவாய், பல்வகைமை குன்றி வாழ்ந்தன. 2009 இல் அவ்வோடைகளின் மேற்பகுதியிலே வேறிடத்துக் கப்பிகள் விடப்பட்டன. அவை நீரோட்டத்தின் வழியே இறங்கிவந்து பழைய குடிகளோடு கலந்தன. சேரா ஃபிற்ஸ்பற்றிக் முதலிய ஆய்வாளர்கள் மீன் ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டுப் பல தலைமுறைக்குத் தொடர்ந்து கணக்கெடுத்தனர். கலப்பிற் பிறந்தவை நெடுநாள் வாழ்ந்தன. மிகுந்த குஞ்சுகளை ஈன்றன. ஓடையின் மீன்தொகை பல மடங்காகப் பெருகிற்று. 2016 இல் இம்முடிவுகள் வெளியாயின. கலப்புப் பிறப்பு வீரியம் என்று பாடநூலில் நம் மாணவர் படிப்பது இதனையே.

வீட்டில் செய்யத்தக்கன

ஓடையிலே அறிஞர் செய்ததை நாம் வீட்டிலே சிறிய அளவில் செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 

முதலில், ஒரே கடையின் ஒரே தொட்டியிலிருந்து எல்லா மீனையும் வாங்காதிருத்தல் வேண்டும். இரண்டு மூன்று இடங்களிலிருந்து, ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமனாகக் கொள்க. புதிதாக வந்தவற்றை மூன்று கிழமையேனும் தனிப் பாத்திரத்தில் வைத்து, நோயில்லை என்று கண்டபின்னரே பழையவற்றோடு சேர்க்க.

இடமுள்ளவர் மூன்று தொட்டிகள் வைத்தல் நலம். பெண் குஞ்சுகள் தத்தம் தொட்டியிலேயே வளரட்டும். ஆண் குஞ்சுகளை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் இடம் மாற்றுக: முதலாவது தொட்டியின் ஆண்கள் இரண்டாவதுக்கும், இரண்டாவதன் ஆண்கள் மூன்றாவதுக்கும், மூன்றாவதன் ஆண்கள் முதலாவதுக்கும் செல்லட்டும். இச்சுழற்சியால் உடன்பிறந்தார் கூடுதல் தவிர்க்கப்படும். பெண் கப்பி ஒருமுறை கூடியபின் பல மாதங்களுக்கு விந்தணுவைத் தன்னுள் சேமித்து வைக்கும் இயல்புடையது. ஆதலின் குஞ்சுகள் நான்கு கிழமை எய்துமுன்னரே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். காலந் தாழ்த்தினால் சுழற்சி பயனற்றுப் போகும்.

யாவற்றிலும் மேலாக ஓர் அப்பியாசக் கொப்பி வேண்டும். எந்தத் தாய் எந்த நாளில் எத்தனை குஞ்சு ஈன்றது, ஒரு மாதம் கழித்து எத்தனை எஞ்சின, குறையோடு பிறந்தவை எத்தனை என்பவற்றைக் குறித்துவருக. குஞ்சின் தொகை தொடர்ந்து இறங்குமாயின், முதுகு வளையும் வரை காத்திராது புதிய மீனைத் தேடுக. பாடசாலை மாணவர் ஈராண்டு இக்கொப்பியை ஒழுங்காக எழுதிவந்தால், பரம்பரை பற்றிய பாடத்தை நூலிற் படித்ததிலும் தெளிவாகக் கற்றுக்கொள்வர். குறையுடைய மீனை இனப்பெருக்கத்துக்கு விடாது தனியே வைத்து வளர்க்கலாம். வேண்டாத மீனை வாய்க்காலிலோ குளத்திலோ விடுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. அந்நிய இனங்கள் நம் நாட்டு மீன்களின் வாழிடத்தைக் கவர்ந்துவிடும்.

தொட்டிக்கு அப்பால்

இது பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி மட்டுமன்று. 2016 இன் இறுதியில் மன்னாரிலே நகர்ப்புற மலேரியாவைப் பரப்பவல்ல அந்நிய நுளம்பு இனமொன்று கண்டறியப்பட்டபோது, அதன் குடம்பிகளை அழிப்பதற்காகக் கிணறுகளில் கப்பி மீன்கள் விடப்பட்டன. கிணறு என்பதும் ஒரு மூடிய தொட்டியே. அங்கே ஒரே தாயின் குஞ்சுகளை விடுவதிலும், வெவ்வேறிடத்து மீன்கள் சிலவற்றைச் சேர்த்து விடுவது அறிவுடைமை. காவலுக்கு நிறுத்தியவர் நலிந்தால் காவலும் நலியும்.

இன்னும், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் நம் தீவில் உள. கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமடைக்கு அண்மையிலுள்ள சிற்றோடையொன்றில் வாழும் பண்டுல கெண்டை அவற்றுள் ஒன்று. 1991 இல் விஞ்ஞான உலகுக்கு விவரிக்கப்பட்ட இம்மீன், மிகக் குறுகிய இடத்திலே சிறு தொகையாக வாழ்வதால் பேரிடருக்கு உள்ளானது. இத்தகைய மீனை அழியாது காப்போர் எத்தனை மீன் உள என்று எண்ணுவதோடு நில்லாது, அவற்றுள் எத்தனை குடும்பம் உளது என்பதையும் எண்ணவேண்டியவராவர்.

இதனை வாசிக்கும் குடும்பத்தினர் சிலர் மனத்திலே, "அப்படியாயின் நம்மவருள் மச்சானும் மச்சாளும் மணப்பது எவ்வாறு?" என்னும் கேள்வி எழாதிராது. அக்கேள்வி நியாயமானதே. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தோரின் பிள்ளைக்கு உள்ளக விருத்திக் குணகம் நூற்றுக்கு 6.25, உடன்பிறந்தாரின் குஞ்சுக்குரியதில் நான்கிலொரு பங்கு. இங்கிலாந்தின் பிரட்போட் நகரிற் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறவிக் குறையோடு பிறக்கும் வாய்ப்பு, ஏனையோரிடத்து நூற்றுக்கு 3 அளவாக இருக்க, இத்தகைய மணங்களில் 6 அளவாக உயர்கின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு குழந்தைகள் அக்குறையின்றியே பிறக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், ஒரே குடும்பத்துள் தலைமுறை தலைமுறையாக இம்மணமே தொடருமாயின் அளவு ஏறிக்கொண்டே செல்லும். தன் மாமன் மகளாகிய எம்மாவை 1839 இல் மணந்த சார்ள்ஸ் டார்வினே இதனையிட்டுக் கவலையுற்றார். குடிசன மதிப்பீட்டில் இத்தகைய மணங்களைப் பற்றியும் வினவவேண்டுமென்று அவர் 1870 இல் முயன்றார். பாராளுமன்றம் அதற்கு உடன்படவில்லை. சொந்தத்தில் மணம் பேசுவோர் ஒருவரையொருவர் பழித்துக்கொள்ள வேண்டியதில்லை. குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டாவென மறையாது பேசி, வைத்தியரை அணுகி, தலசீமியா போன்றவற்றுக்குரிய குருதிப் பரிசோதனையை முன்னரே செய்துகொள்வது பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் கடமையாகும்.

மனிதர் தமக்குள் பேசி, ஆராய்ந்து, தெரிந்துகொள்ள வல்லவர். தொட்டி மீனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் துணையை நாமே தெரிந்தோம். அதன் உலகை நான்கு சுவருக்குள் நாமே அடைத்தோம். ஆதலின் அதன் வழித்தோன்றல்களின் நலத்துக்கும் நாமே பொறுப்பாளர். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் நீரை மாற்றும்போது, ஆண் எத்தனை, பெண் எத்தனை, அவை எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடை தெரியாவிட்டால், அப்பியாசக் கொப்பியின் முதற் பக்கத்தை அன்றே எழுதத் தொடங்கலாம்.